சூலூர், கோவைப் பக்கம் படைவீரர்களுக்கான பொழுதுபோக்கு மையங்கள் எப்படி வந்தன?

பல்லடம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாரு (தாத்தா) பட்டாளத்தில் இருந்தவர். "பொழுது சாஞ்சா ரிக்ரியேஷன் ரூமுக்குப் போயிருவோங் கண்ணு" என்று அடிக்கடி சொல்வாராம். இன்றைக்கு மிலிட்டரி கேண்டீன் என்றால் குறைந்த விலைக்குச் சாமான் வாங்கும் இடம் என்றுதான் ஊருக்குத் தெரியும். அப்பாரு சொன்ன மாதிரி உட்கார்ந்து பேச, விளையாட, கடுதாசி எழுத என்று ஓர் இடம் நம் கொங்குப் பக்கம் இருந்ததா, யார் ஆரம்பித்தார்கள், இப்போது இருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு சூலூருக்குப் பக்கம். சுருக்கமாகச் சொன்னால் இருந்தது, இப்போதும் முகாம் மதிலுக்குள் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் கேண்டீன் கடை, அந்தப் பொழுதுபோக்கு இடத்தின் ஒரு மூலையாக இருந்தது. கடை மட்டும் வளர்ந்து வெளியே தெரிகிறது, மற்றது உள்ளேயே நின்றுவிட்டது. இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் காலத்தில் இதன் தொடக்கம் குடிப்பிரச்சினைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மதியத்துக்கு மேல் வேலை கிடையாது, வெளியே வெயில், பேச ஆள் இல்லை. பாரக்ஸ் என்ற சிப்பாய் விடுதியின் கேண்டீனில் சாராயமும் பீரும் கிடைத்தன. குடித்துவிட்டு அடிதடி, அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்டனை என்று ஓடிக்கொண்டிருந்தது. 1880-களில் பிரடெரிக் ராபர்ட்ஸ் என்ற தளபதி இதைக் கையில் எடுத்தார். 1881 முதல் 1885 வரை சென்னை மாகாண ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானவர். வெறும் சாராயக் கடையாக இருந்த கேண்டீனை மாற்றி, காப்பிக் கடை, வாசிப்பறை, விளையாட்டறை எல்லாம் சேர்ந்த 'ரெஜிமெண்டல் இன்ஸ்டிடியூட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த 'இன்ஸ்டிடியூட்' என்ற பெயர் முகாம்களில் இன்னும் வழக்கில் இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைச் சிப்பாய்க்கு. நம்மாட்களுக்கு அந்தக் கட்டிடத்துக்குள் இடம் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. சென்னை ராணுவத்துச் சிப்பாய்களுக்கு ஒரு பழைய வழக்கம்: பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் படையோடு போவார்கள். 'லைன்' என்று சொல்லப்பட்ட குடியிருப்பு வரிசைகளில் குடும்பம் நடத்தினார்கள். சாயங்காலம் என்பது வீட்டுத் திண்ணையில் கழிந்தது. அதனால் இந்தியச் சிப்பாய்க்குத் தனியாகக் கிளப் எதற்கு என்று அதிகாரிகள் நினைத்ததற்கு ஒரு சாக்கும் இருந்தது. 1914-ல் அந்தச் சாக்கு செல்லாமல் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் தாண்டி பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் (இன்றைய ஈராக்) கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனபோது குடும்பமும் இல்லை, திண்ணையும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் கொங்கு மண்ணுக்காரர் ஒருவர் வருகிறார். கே. டி. பால், முழுப் பெயர் கனகராயன் திருச்செல்வம் பால். 1876-ல் சேலத்தில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் இந்தியக் கிளைக்குத் தேசியப் பொதுச் செயலாளர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவர் அந்தப் பொறுப்பை ஏற்றது 1916-ல், போர் உச்சத்தில் இருந்தபோது. அந்த ஆண்டுகளில் ஒய்.எம்.சி.ஏ. செய்த பெரிய வேலை படைவீரர்களுக்கான கூடாரங்கள். போர்முனைக்குப் பின்னால் ஒரு கூடாரமோ மரக் கொட்டகையோ போட்டு, தேநீர், பாட்டுப் பெட்டி, சினிமா, பந்து விளையாட்டு, எழுதத் தாளும் பேனாவும் வைத்திருப்பார்கள். எழுதத் தெரியாத சிப்பாய்க்கு உட்கார்ந்து கடுதாசி எழுதிக் கொடுப்பார்கள். நினைத்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஊட்ல எல்லாரும் சௌக்கியமா, மழை பேஞ்சுதா, எருமை கன்னு போட்டுதா' என்று ஒரு சிப்பாய் சொல்லச் சொல்ல எழுதுவது. இந்த வேலைக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் பொழுதுபோக்கு மையத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். சேலத்தில் பால் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கிராம மறுமலர்ச்சிப் பணிக்காகவும் 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போனதற்காகவும் அவரைச் சிலர் சொல்வார்கள். படைவீரர் பணியைச் சொல்பவர்கள் குறைவு. சொல்ல வேண்டும்.

வாலிபால் நம் நாட்டுக்கு வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். பிறகு பட்டாளம் அதைப் பிடித்துக்கொண்டது. வலை ஒன்றும் பந்து ஒன்றும் இருந்தால் போதும், பாலைவனமோ பனிமலையோ, பன்னிரண்டு பேர் விளையாடலாம். லீவில் ஊருக்கு வந்த மிலிட்டரிக்காரர்கள் களத்துமேட்டில் கம்பம் நட்டு வலை கட்டியதை என் வயதுக்காரர்கள் பல ஊர்களில் பார்த்திருப்பார்கள்.

அதே முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பொபரிங்க என்ற ஊரில் 1915 டிசம்பரில் ஒரு வீடு திறந்தார்கள், டால்பட் ஹவுஸ் என்று பெயர். பிலிப் கிளேட்டன் என்ற பாதிரியார் நடத்தினார். உள்ளே வருகிறவர் தன் பதவியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜெனரலும் சிப்பாயும் ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள். 'டாக் ஹெச்' என்ற இயக்கம் இதிலிருந்து பிறந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் படைகளில் வருஷத்துக்குச் சில நாட்கள் நடக்கும் 'படா கானா' என்ற பொது விருந்தில் அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு அந்த வீட்டு ஞாபகம் வரும். மற்ற நாட்களில் நம்மிடம் ஆபீசர்ஸ் மெஸ் தனி, சார்ஜெண்ட்ஸ் மெஸ் தனி, ஏர்மென் மெஸ் தனி. ஒழுங்குக்கு அது தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பொழுதுபோக்கு அறை ஒன்றாவது எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

சரி, சூலூருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மா வரைக்கும் வந்து இலங்கையிலும் குண்டு போட்டபோது, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருந்த கோவை பிரிட்டிஷ் கடற்படைக்கு வசதியாகப் பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களைப் பழுது பார்க்கும் பணிமனை கோவையில் அமைந்தது. அதற்கு 'எச்.எம்.எஸ். கருடா' என்று பெயர். சூலூர் விமானத் தளம் 'எச்.எம்.எஸ். வைரி' ஆனது. பெயரைக் கேட்டால் கப்பல் மாதிரி இருக்கும். கடற்படை தன் தரைத் தளங்களையும் கப்பலாகவே பாவிக்கும் வழக்கம் அது. தரையை 'டெக்' என்பார்கள், சமையலறையை 'கேலி' என்பார்கள், எல்லாம் கப்பலில் வழங்கும் பெயர்கள். முகாம் வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதை 'கரைக்குப் போவது' என்பார்கள். சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவே நின்றுகொண்டு மாலுமிகள் 'கரைக்குப் போக' அனுமதிச் சீட்டு வாங்கினார்கள் என்று நினைத்தாலே விநோதமாக இருக்கும்.

கரைக்குப் போனால் அங்கே என்ன இருந்தது? கோவையில் சினிமா அப்போதே பழசு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே வெரைட்டி ஹால் கட்டியிருந்தார். மில் நகரம், பணப்புழக்கம் இருந்த ஊர். ஆனால் ஊருக்கும் முகாமுக்கும் இடையே சுமுகம் இருந்தது என்று சொல்ல முடியாது. 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, சூலூர் விமானத் தளத்துக்கே நம் ஊர்க்காரர்கள் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. அதற்குச் சில நாட்கள் முன்னால் சிங்காநல்லூர்ப் பக்கம் சரக்கு ரயிலைக் கவிழ்த்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பலர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள், அடிபட்டார்கள். சூலூர், இருகூர், ஒண்டிப்புதூர்ப் பக்கம் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே ஊரில் ஒரு வீட்டில் தியாகி, அடுத்த வீட்டில் படையில் சேர்ந்து பர்மா போனவர். இரண்டும் நம்முடைய கதைதான். இதை மறைத்துவிட்டு முகாம் வரலாற்றைப் பேசினால் அது பாதி வரலாறு.

இதே நேரத்தில் அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு எது கிடைக்கவில்லை என்பது விளங்கும். 1941 பிப்ரவரி 4-ல் அங்கே யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு தொடங்கியது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, ஒய்.எம்.சி.ஏ., பெண்களுக்கான ஒய்.டபிள்யூ.சி.ஏ., ஒரு கத்தோலிக்க அமைப்பு, ஒரு யூத அமைப்பு, பயணிகளுக்கு உதவும் ஒரு சங்கம் என்று ஆறு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கியது. முகாம்களுக்குப் பக்கத்து ஊர்களில் அரசாங்கம் கட்டிடம் கட்டிக் கொடுத்தது. நடத்தியது ஊர்மக்கள். போர் உச்சத்தில் 3,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருந்தன. வீட்டில் சுட்ட பலகாரத்தை ஊர்ப் பெண்கள் கொண்டு வந்து வைப்பார்கள், சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பார்கள், நடனம் நடக்கும். கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பல இடங்களில் தனி மையம்தான், அந்த அசிங்கமும் இருந்தது. 1947-ல் அமைப்பைக் கலைத்தார்கள், கொரியப் போர் வந்ததும் மறுபடி தொடங்கினார்கள். போர் முடிந்த பிறகு அந்தக் கட்டிடங்களில் பல அந்தந்த ஊருக்கே சமுதாயக் கூடமாகப் போய்ச் சேர்ந்தன. கட்டிடம் முகாமுக்கு வெளியே ஊருக்குள் இருந்ததால்தான் அது முடிந்தது.

இங்கே அரசாங்கம் செய்தது வேறு. 1942-ல் 'கேண்டீன் சர்வீசஸ் (இந்தியா)' என்று ஒரு துறை உருவானது. அதற்கு முன்னால் கேண்டீன் எல்லாம் காண்ட்ராக்டர் கையில் இருந்தது. விலையும் தரமும் அவரவர் மனசாட்சிப்படி. இந்தியப் படைகளை மகிழ்விக்க 'ஃபௌஜி தில்குஷ் சபா' என்று ஒரு கலைக்குழு அமைப்பும் வந்தது, பாட்டும் நாடகமும் போடுவார்கள். ஆனால் வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இருந்த பேதம் போகவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது முதல் புகார்களே கேவலமான சாப்பாடும் நிறவெறி நடத்தையும்தான். சாப்பிடும் இடம், உட்காரும் இடம் எல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்தவர்களுக்கு அது பதில். கோவையிலும் சூலூரிலும் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளங்கள் அதே 1946-ல் மூடப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 ஜனவரி 1 முதல் 'கேண்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்' இயங்குகிறது, நாம் சி.எஸ்.டி. என்பது இதைத்தான். அது மொத்தமாக வாங்கி வைக்கும் துறை. நாம் வரிசையில் நிற்கும் கேண்டீன் அந்தந்தப் படைப்பிரிவு நடத்துவது. இந்த வியாபாரத்தில் மிஞ்சும் பணம் படைவீரர் நலனுக்கும் விளையாட்டுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது நீங்கள் வாங்கும் சோப்பிலும் ஹார்லிக்ஸிலும் ஒரு சிறு பங்கு எங்கோ ஒரு வாலிபால் வலையாகவோ கேரம் போர்டாகவோ மாறுகிறது. கடை பொழுதுபோக்கு அறையின் ஒரு பாகம் என்று முதலில் சொன்னேனே, கணக்குப் புத்தகத்தில் அந்த உறவு இன்னும் இருக்கிறது.

சூலூர்க் கதையில் இன்னொரு திருப்பம். இந்தியக் கடற்படை தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கு ஸீ ஹாக் ஜெட் விமானங்களை வாங்கியபோது அவை சூலூரில்தான் வந்து இருந்தன. 1961 செப்டம்பரில் 'ஐ.என்.எஸ். ஹன்சா' என்ற தளம் இங்கேதான் தொடங்கப்பட்டது. கோவா விடுதலையான பிறகு 1964-ல் அது தாபோலிமுக்குப் போய்விட்டது. கருடா என்ற பெயரும் 1953-லேயே கொச்சித் தளத்துக்குப் போயிருந்தது. சூலூர் பிறகு விமானப்படையிடம் வளர்ந்தது. இன்று விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனையும், சாரங் ஹெலிகாப்டர் குழுவும், தேஜஸ் போர் விமானங்களும் இருக்கும் தளம். கோவை ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், கடற்படையின் 'அக்ரணி' பயிற்சி நிலையமும் இருக்கின்றன. கடல் இல்லாத ஊரில் கடற்படை ஆட்களைப் பார்த்துக் கோவைக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை, அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

உங்கள் அப்பாரு சொன்ன ரிக்ரியேஷன் ரூம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எந்த முகாமுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நீளமான அறை, சிமெண்டுத் தரை, சுவரில் படைப்பிரிவு வாங்கிய கேடயங்கள். இரண்டு கேரம் போர்டு, மேலே தொங்கும் மஞ்சள் பல்பு, தேய்த்துத் தேய்த்து வழவழப்பான போர்டில் போரிக் பவுடர். ஸ்ட்ரைக்கரை மட்டும் அவரவர் பையில் வைத்திருப்பார்கள், பொதுவில் விட்டால் காணாமல் போய்விடும். ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. மர மேசையில் செய்தித்தாள்கள், பெரும்பாலும் இந்தியும் இங்கிலீஷும். எல்லாவற்றுக்கும் மேலாக 'சைனிக் சமாச்சார்'. 1909-ல் 'ஃபௌஜி அக்பார்' என்று தொடங்கி, 1954-ல் இந்தப் பெயருக்கு மாறிய ராணுவப் பத்திரிகை அது. பதின்மூன்று மொழிகளில் வந்தது, தமிழும் அதில் ஒன்று. வடக்கே குளிரில், சுற்றிலும் வேற்று மொழி கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தமிழ் எழுத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி அச்சக முகவரி வரை படித்தவர்களில் நானும் ஒருவன். அதில் இருந்த செய்தி முக்கியமே இல்லை. எழுத்து தமிழாக இருந்தது, அது போதும்.

வாரக் கடைசியில் திறந்தவெளித் திரையில் படம், மாதத்துக்கொரு முறை குடும்பங்களோடு 'ஹவுஸி', அதாவது கூப்பிடும் எண்களைச் சீட்டில் அடிக்கும் ஆட்டம். கோவையில் இப்போது அபார்ட்மெண்ட் விழாக்களில் தம்போலா என்று விளையாடுகிறார்களே, அதேதான். பணம் வைத்து ஆடும் சூதாட்டங்களில் பிரிட்டிஷ் படைகள் அனுமதித்த ஒரே ஆட்டம் இதுதான், அப்படித்தான் முகாம்களில் வேரூன்றி வெளியே வந்தது. பெண்கள், குழந்தைகள் பக்கத்தைப் பெரும்பாலும் மனைவியர் நலச் சங்கங்கள் பார்த்துக்கொண்டன. தையல் வகுப்பு, குழந்தைகள் பள்ளி, கணவன் எல்லையில் இருக்கும்போது தனியாக இருப்பவளுக்குத் துணை என்று அவர்கள் செய்த வேலை பேசப்படுவதைவிடப் பெரியது.

இனி இப்போதைய நிலைமை. பணியில் இருப்பவருக்கு முகாமுக்குள் எல்லாம் இருக்கிறது, ஜிம் வரைக்கும். ஓய்வு பெற்றவருக்குத்தான் இடம் இல்லை. ஈரோடு, சேலம், கோவை என்று மாவட்டத் தலைநகரங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. பென்ஷன், பிள்ளைகள் படிப்பு உதவி, விதவையர் உதவி போன்ற வேலைகளை அவை பார்க்கின்றன. அவை அலுவலகங்கள், போய்க் காகிதம் கொடுத்துவிட்டு வரலாம். 2003-ல் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டம் பெரிய வரப்பிரசாதம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பாலிகிளினிக் காத்திருப்பு நாற்காலிகளிலும் கேண்டீன் வரிசையிலும்தான் நம் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். காங்கேயத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் வாங்கும் சாமானில் மிச்சமாகும் காசு, பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும் சரியாகப் போய்விடும். அது தெரிந்தேதான் வருகிறார். "எந்த யூனிட்டுங்க? எழுபத்தொண்ணு சண்டைல எங்க இருந்தீங்க?" என்று கேட்க ஆள் கிடைக்கும் இடம் அவருக்கு வேறு இல்லை. டோக்கன் கூப்பிட்ட பிறகும் பேச்சை முடிக்க மனமில்லாமல் நிற்பவர்களை நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

இதற்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. பஞ்சாயத்துகளில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களும் நூலகக் கட்டிடங்களும் எத்தனையோ இருக்கின்றன. ஒரு கேரம் போர்டு, நாலு நாளிதழ், குடிக்கத் தண்ணீர், வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறந்து வைக்க ஒருவர். ஊர்க்காரரும் வரலாம் என்று வைக்க வேண்டும், மிலிட்டரிக்காரருக்கு மட்டும் என்று வைத்தால் பத்துப் பேர் வந்து, அப்புறம் ஐந்து பேராகி நின்றுவிடும். படையில் சேர நினைக்கும் பையன்கள் அங்கே வந்து கேள்வி கேட்கட்டும். ஓட்டம், மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு பற்றி ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்து ஏமாறுவதைவிட, அனுபவப்பட்ட ஒரு ஹவில்தாரிடம் ஓசியில் கேட்டுக்கொள்ளலாம். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு உண்டியலில் போடுகிற ஊர் நம்முடையது, 1949-லிருந்து போடுகிறோம். அந்த மனசு இருக்கிற ஊரில் இந்த ஏற்பாடு நடக்கும் என்று நம்புகிறேன்.

தம்பி, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அப்பாருவின் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் எங்காவது பெட்டியில் இருக்கும். அதில் அவருடைய எண், படைப்பிரிவு, எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பதெல்லாம் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அப்பாரு பேசும் நிலையில் இருந்தால், போரைப் பற்றிக் கேட்காமல் சாயங்காலத்தைப் பற்றிக் கேளுங்கள்: யாரோடு விளையாடினார், கடுதாசியை யார் எழுதிக் கொடுத்தார், திரையில் என்ன படம் பார்த்தார் என்று. போரைக் கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள், இதைக் கேட்டால் ராத்திரி வரைக்கும் பேசுவார்கள். பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சூலூர், கோவை முகாம்களின் இந்தப் பக்கத்து வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் யாரும் எழுதாதது, அது அவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது.